பூஜை நாளில் பதில் சொன்ன பெட்டி

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் இப்போது புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். நெட்வொர்க்கை அதுவே ஸ்கேன் செய்து, எந்தக் கருவி சந்தேகத்துக்குரியது என்று பட்டியல் போட்டு, பக்கத்திலேயே அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய ஆளின் பெயரையும் எழுதித் தந்துவிடுமாம். என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் இருவர் போன மாதம் குன்றத்தூரில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, காபி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "உங்க காலத்துல இதெல்லாம் எப்படி சார் பண்ணீங்க?" என்று ஒரு கேள்வி வேறு. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம்தான் ஆகிறது. அதற்குள் எனக்கென்று ஒரு காலம் வந்து போயே விட்டது.

கருவியைச் சொல்லட்டும், ஆளின் பெயரை அது எப்படிச் சொல்லும் என்று கேட்டேன். "அது பேட்டர்ன் வெச்சு கண்டுபிடிச்சுடும் சார்" என்றார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளைகள் மேல் இல்லை. அந்தக் கோபத்தின் காரணத்தை அவர்களிடம் அப்போது சொல்லச் சரியாக வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் மணிமங்கலம். ஒரகடத்தில், தகடுகளை அழுத்திக் காருக்குக் கதவும் மூடியும் செய்கிற தொழிற்சாலையில் டெலிபோன் போர்டு பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசுகிறார்கள் என்பது இணைப்புக் கொடுக்கிறவனுக்குத் தெரியாமல் போகாது. ஆகவே சந்தேகம் என்பது என்னோடு அப்போதே ஒட்டிக்கொண்ட சங்கதி. பிறகு போர்டு போய்க் கேபிள் வந்தது, கேபிள் இழுத்தேன். கம்ப்யூட்டர்கள் வந்தன, அவற்றை ஒன்றோடொன்று கோத்தேன். இப்படியே போய் நெட்வொர்க் ஆள் ஆகிவிட்டேன். தலை பாதி நரைத்த வயதில், எங்களிடம் பாகம் வாங்கும் வெளிநாட்டுக் கார் கம்பெனி ஒன்று, பாதுகாப்புச் சோதனை நடத்திக் காட்டினால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டது. நிர்வாகம் சுற்றிலும் பார்த்தது. கையில் கேபிள் முனையை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலோடு நான் நின்றிருந்தேன்.

கிண்டியில் சனி, ஞாயிறு வகுப்பு. என்னைச் சுற்றிலும் கல்லூரிப் பிள்ளைகள். எல்லோருக்கும் நான் அங்கிள். முதல் நாளே நெட்வொர்க் ஸ்கேன் என்றால் என்ன என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு தெருவுக்குள் போய் ஒவ்வொரு வாசலிலும் "சார், போஸ்ட்" என்று குரல் கொடுத்துப் பார்ப்பது மாதிரிதான். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எது காலி என்பது முதலில் தெரியும். ஆள் இருக்கிற வீட்டில் எந்தக் கதவு திறந்திருக்கிறது, எந்த ஜன்னல் தாழிடவில்லை, கொல்லைப்பக்கம் எப்படி என்பது அடுத்தது. கணினிப் பேச்சில் அந்தக் கதவுகளுக்குப் போர்ட் என்று பெயர். உள்ளே நுழைவது நம் வேலை இல்லை. திறந்து கிடக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்வதோடு சரி. அந்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த அனுமதி கையில் இல்லையென்றால், தெருவில் கால் வைத்தவுடனேயே நாமும் திருடன்தான். மற்றதெல்லாம் பயிற்சி.

பயிற்சியை வீட்டிலேயே ஆரம்பித்தேன். அனுமதி கொடுக்க வேண்டியவனும் நான்தானே. எங்கள் வீட்டு வைஃபையை ஸ்கேன் செய்தபோது, எனக்குத் தெரியாத ஒரு போன் சட்டமாக உட்கார்ந்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. மகளை விசாரித்தேன், டிவிக்குப் பின்னால் டார்ச் அடித்தேன், எதிர் வீட்டு ஜன்னலைக்கூடக் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் என் மனைவி மல்லிகா அடுப்படியிலிருந்து வந்தாள். "மாடி வூட்டுப் பொண்ணு பரீட்சைக்குப் படிக்கணும்னு கேட்டுச்சி, நான்தான் பாஸ்வேர்ட் குடுத்தேன். இன்னாங்க இது, வூட்லயே போலீஸ் வேல பாத்துகினு இருக்கீங்க?" என்றாள். அன்றைக்குக் கற்றது பெரிய பாடம். ஸ்கேன் பொய் சொல்லவில்லை. போன் இருந்தது உண்மை. அதைச் சுற்றி நான் கட்டிய கதைதான் முழுப் பொய்.

அதன்பின் எங்கள் தொழிற்சாலைக்குப் பாதுகாப்புப் பிரிவுத் தலைவராக ரெஜினா மேடம் வந்தார். படப்பைப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சிறியவர், எனக்கு மேலதிகாரி. அவர் என்னை சார் என்பார், நான் அவரை மேடம் என்பேன். இரண்டு பேருக்கும் அதில் குறைவு ஒன்றும் தோன்றவில்லை. சந்தேகத்தில் நான் கத்துக்குட்டி என்பது அவரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சோதனை நடக்கும் நாட்களில் எந்தத் துறையிலும் டீ வாங்கிக் குடிக்க மாட்டார். வீட்டிலிருந்து பிளாஸ்க் வரும். நான் எதைச் சொன்னாலும் தலையைச் சாய்த்து ஒரே கேள்விதான் கேட்பார்.

"தெரியுதா சார், தோணுதா?"

தெரிகிறது என்றால் காட்ட வேண்டும். தோன்றுகிறது என்றால், "சரி, ஓரமா வெச்சுக்கோங்க" என்று மேலே போய்விடுவார். ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வந்தது. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலிருந்தது. ஆனால் அவர் தன்னையும் அதே கேள்வி கேட்டுக்கொள்வதை ஒருநாள் பார்த்தேன். திரையை வெறித்தபடி, உதடு மட்டும் அசைய, "ரெஜினா, தெரியுதா, தோணுதா?" என்றார். அன்றோடு எரிச்சல் போய்விட்டது.

அவருடைய முறை இது. கருவிகளின் நெட்வொர்க் முகவரி எண்களில் எதிலிருந்து எது வரைக்கும், எந்த நாளில், எதுவரை செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார். ஏதாவது கோளாறானால் "நிறுத்து" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று அதிலேயே இருக்கும். ஆரம்பிப்பதற்கு முன் அந்த ஆளுக்குப் போன் அடித்துப் பார்ப்பார். எடுக்கவில்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. பிறகு ஒரு பகுதியை மட்டும், மெதுவாக. வேகமாகக் குரல் கொடுத்தால் பழைய பிரிண்டர் தானாகக் காகிதத்தைக் கக்கும், பழைய கருவி திகைத்து நின்றுவிடும். முடிந்ததும் வேறு ஓர் இடத்திலிருந்து இன்னொரு முறை. இரண்டும் ஒத்துப்போனால்தான் அது விடை. அதோடு முடியாது. பதில் சொன்ன ஒவ்வொன்றையும் நடந்து போய்க் கண்டுபிடித்துக் கை வைத்துப் பார்க்க வேண்டும். "திரையில இருக்கறது எண் சார். கை வெச்சாதான் அது கருவி" என்பார். அந்தத் தொழிற்சாலையில் நான் ஏறாத ஏணி இல்லை, முட்டி தேயாத கேபிள் பள்ளம் இல்லை.

எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, பிரெஸ் ஷாப் மட்டும் பாக்கி. தகட்டை அழுத்தும் ராட்சத மெஷின்கள் இருக்கிற கூடம் அது. ஓடுகிற மெஷினின் கன்ட்ரோலருக்குக் குரல் கொடுத்து அது பாதியில் நின்றுவிட்டால், சேதம் தகட்டோடு போகாது, ஆளுக்கும் ஆபத்து. மூன்று ஷிஃப்டும் ஓடுகிற இடத்தில் எப்போது செய்வது? மேடம் ஒருநாள் காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "ஆயுத பூஜை அன்னிக்கு எல்லா மெஷினும் ஆஃப்தானே சார்?" என்று கேட்டார். நாங்கள் பொரி, கடலை, சுண்டல் என்று நினைக்கிற நாளை அவர் வேறு மாதிரி பார்த்திருக்கிறார். "மெஷின் எல்லாம் வாய மூடிட்டு இருக்கும். அன்னிக்குப் பதில் சொல்றது எதுவோ, அது மெஷின் இல்ல. எனக்கு அதுதான் வேணும்" என்றார்.

பிரெஸ் ஷாப்பின் பராமரிப்புத் தலைவர் பத்மநாபன் சாருக்கு இது பிடிக்கவில்லை. பூஜை நாளில் எதற்கு, பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுத்தார். கடைசியில் மேலிடம் சொன்னதால் கையெழுத்துப் போட்டார்.

அன்று காலை பூஜை அமர்க்களப்பட்டது. வாழைக்கன்று, தோரணம், பூசணிக்காய் உடைப்பு. எலக்ட்ரீஷியன் ஏகாம்பரம் ஒரு கிண்ணத்தில் சந்தனமும் இன்னொன்றில் குங்குமமுமாகக் கூடம் முழுக்கச் சுற்றி வந்தார். ஒரகடத்துக்காரர், வருடா வருடம் மெஷின்களுக்குப் பொட்டு வைப்பது அவர் பொறுப்பு. மெயின் ஆஃப் செய்ததும் கன்ட்ரோல் பேனல்களைத் திறந்து உள்ளேயும் வைப்பார். போகிற போக்கில் என் லேப்டாப்பின் நெற்றியிலும் ஒன்று வைத்துவிட்டார். பூஜை போட்ட கருவியை அன்றைக்குத் தொட்டு வேலை செய்வதா என்று எனக்குக் கை கூசியது. ரெஜினா மேடம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் லேப்டாப்பை நகர்த்தினார். "இதுக்குப் பொட்டு வெக்கல சார், இதுல பண்ணுங்க."

மதியம் கூடம் காலியாகிவிட்டது. கூடத்தின் ஓரத்திலிருந்த கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஆரம்பித்தோம். கண்காணிப்பு கேமராக்கள் பதில் சொல்லின. வருகைப் பதிவு மெஷின் சொன்னது. கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகள் சொல்லின. எல்லாம் தெரிந்த முகங்கள். பிறகு தெரியாத ஒன்று பதில் சொன்னது. இன்னொரு முறை, வேறு இடத்திலிருந்து செய்தோம். அப்போதும் சொன்னது. கருவியின் பிறவி எண்ணில் முதல் பாதி, அதைச் செய்த கம்பெனி எது என்று காட்டும். உள்ளங்கையில் அடங்கும் சின்னக் கம்ப்யூட்டர் போர்டுகள் செய்கிற கம்பெனி. இரண்டு கதவுகள் திறந்திருந்தன. ஒன்று, தூரத்திலிருந்து ஒருவர் உள்ளே வந்து அதை இயக்குவதற்கான கதவு.

பாஸ்வேர்ட் என்னவென்று ஊகித்துப் பார்க்கலாமா என்றேன். "அனுமதியில அது இல்ல சார்" என்றார் மேடம். அந்தப் பெட்டியின் பேச்சு வெளியே போகாதபடி நெட்வொர்க் சுவிட்சிலேயே அடைத்தோம். எந்தக் கேபிளில் அது தொங்குகிறது என்று தேடிக்கொண்டே போனால், மூன்றாம் நம்பர் பிரெஸ்ஸின் கன்ட்ரோல் பேனலில் போய் நின்றோம். மெயின் ஆஃப். ஆனால் பேனலுக்குள் விளக்குக்கும் ஃபேனுக்கும் தனி லைன் ஒன்று போகும். அதில் உயிர் வாழ்ந்துகொண்டிருக்கிறது பெட்டி. பேனல் கதவில் மாலை, பூட்டு. பத்மநாபன் சாருக்குப் போன் செய்தோம். "பூஜை போட்ட பேனல இன்னிக்குத் திறக்கக் கூடாது. நாளைக்கு நானே வந்து திறக்கறேன்" என்றார். மேடம் பூட்டின் மேல் காகிதம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார். ஒருவர் கையெழுத்தை அவர் நம்புவதில்லை, அது தன்னுடையதாகவே இருந்தாலும்.

மறுநாள் நாங்கள் பேனலைத் திறப்பதற்கு முன்பே திருடனைப் பிடித்துவிட்டார்கள்.

இசக்கிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. அந்த வருடம் பொங்கல் முடிந்து ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்து மூன்றாம் பிரெஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். நிரந்தரம் ஆக்குவதற்கான பேச்சு நடந்துகொண்டிருந்தது. பத்மநாபன் சார் மனிதவள அலுவலகத்தில் போய் என்ன சொன்னாரோ, ஷிஃப்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே செக்யூரிட்டி இருவர் வந்து, ஆளுக்கொரு கையைப் பிடித்து, உற்பத்தி லைன் மொத்தமும் பார்க்க அவனைக் கேட் வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்கள். அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வெளியே விட்டார்கள். சாயங்காலத்துக்குள் போலீஸில் புகார் கொடுப்பதாகப் பேச்சு. புகார் போனால் அவன் கதை முடிந்தது. இந்த வட்டாரத்தில் ஒரே செக்யூரிட்டி ஏஜென்சி பல கம்பெனிகளுக்கு ஆள் அனுப்புகிறது. ஒரு கேட்டில் விழுந்த பெயர் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் எல்லாக் கேட்டுக்கும் போய்விடும்.

காரணங்கள் அடுக்கப்பட்டன. அவன் அறையில் தண்ணீர் தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும்படி ஒரு சின்னப் போர்டு வைத்துச் செய்திருக்கிறானாம். கேன்டீனில் ஒப்பந்தக்காரர்களைக் கூட்டி வைத்துப் பேசுகிறானாம். மூன்றாம் பிரெஸ்ஸில்தான் நிற்கிறானாம். கேட்கக் கேட்க எனக்கே எல்லாம் பொருந்தி வந்தது. அவன் ஒருமுறை என் அறைக்கு வந்து, நெட்வொர்க் சுவிட்சைக் காட்டி, "இது எப்படி சார் வேல செய்யுது?" என்று கேட்டதுகூட இப்போது வேறு மாதிரித் தெரிந்தது.

"மேடம், அவனாத்தான் இருக்கும்" என்றேன்.

"தெரியுதா, தோணுதா?"

"தோணுது."

"ஓரமா வெச்சுக்கோங்க" என்றார். அவருடைய குரலில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் சூடு இருந்தது.

பேனலைத் திறக்கப் போனோம். பத்மநாபன் சார், மேடம், நான், சாவியோடு ஏகாம்பரம். ஒட்டிய காகிதம் அப்படியே இருந்தது. கதவு திறந்ததும் உள்ளே ஒரே ஒயர் காடு. எங்கே இருக்கிறது பெட்டி என்று நான் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தேன். மேடம் உள்ளே பார்க்கவில்லை. பத்மநாபன் சாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "இடது பக்கம், அடியில, பின்னாடி பாருங்க" என்றார். அங்கேதான் இருந்தது. எப்படிச் சொன்னார் என்று பிறகு கேட்டேன். கதவு திறந்த உடனே பத்மநாபன் சாரின் கண் நேராக அங்கேதான் போனதாம்.

சோப்பு டப்பா அளவில் சாம்பல் நிறப் பெட்டி. அதன் நடுவில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம்.

"நேத்து நீங்க வெச்சதா?" என்று மேடம் ஏகாம்பரத்தைக் கேட்டார்.

"ஆமா மேடம், உள்ள கீற எல்லாத்துக்கும் வெச்சேன். எது இன்னான்னு எனக்கு இன்னா தெரியும்? அதுவும் கம்பெனி சாமான்தானேன்னு ஒரு பொட்டு வெச்சேன்."

பத்மநாபன் சார் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. உளவு பார்க்க வைத்த பெட்டிக்கு நாங்களே பூஜை போட்டிருக்கிறோம். ஆனால் கை வைத்துப் பார்ப்பது பழகிவிட்டதால், மெயினும் தனி லைனும் ஆஃப் என்று உறுதி செய்துகொண்டு விரலை நீட்டினேன். புதுச் சந்தனம் பொடியாக உதிர்ந்தது. அதன் அடியில் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. டார்ச் அடித்தேன். எண்ணெயும் தூசியும் ஏறிப் பழுப்பான பழைய சந்தனம், நடுவில் கறுத்துப்போன குங்குமம். பக்கத்திலிருந்த ரிலே சுவிட்சிலும் அதே மாதிரி பழசின் மேல் புதுசு.

"பழசத் தொடைக்க மாட்டீங்களா?" என்றேன்.

"காஞ்சி ஒட்டிகினு கீது சார். சொரண்டப் போனா ஏதாச்சும் ஒயரு புட்டுகினு வந்துடும். அதான் மேலயே வெச்சிடுவேன்."

இசக்கிமுத்து வந்தது பொங்கலுக்குப் பிறகு. பழைய பொட்டு போன வருட ஆயுத பூஜைக்கோ அதற்கும் முன்போ வைத்தது. அவன் கேட்டுக்குள் காலடி வைப்பதற்கு முன்பே இந்தப் பெட்டி இங்கே உட்கார்ந்து பூஜை வாங்கியிருக்கிறது. மேடத்தைப் பார்த்தேன். அவர் சந்தோஷப்படவில்லை. கிடைத்த சாட்சியையும் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

"வெள்ளிக்கிழமை பொட்டு வெப்பீங்களா?"

"கதவுக்கு வெளிய மட்டும்தான் மேடம். உள்ள வருசத்துக்கு ஒரு வாட்டிதான். கரன்ட் ஓடிகினு இருக்கறப்ப உள்ள கைய வுட முடியுமா?"

"வேற எங்கயாவது இருந்த பெட்டிய, பொட்டோட எடுத்துட்டு வந்து இங்க வெச்சிருந்தா?"

இதை அவர் யாரையும் கேட்கவில்லை, தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். நான் மறுபடி டார்ச் அடித்தேன். பெட்டியில் வழிந்த பழைய சந்தனம், அதற்கு அடியில் இருந்த இரும்புத் தகட்டிலும் ஒரே கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. இடையில் உடைப்பே இல்லை. பெட்டி அங்கேயே இருந்தபோது வைத்த பொட்டுதான். மேடம் குனிந்து அதைப் பல பக்கமிருந்தும் படம் எடுத்தார்.

"சந்தனத்த வெச்சு விசாரணை நடத்துவீங்களா?" என்றார் பத்மநாபன் சார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

மேடம் நிமிர்ந்தார். "இசக்கிமுத்துதான்னு உங்களுக்குத் தெரியுமா சார், தோணுச்சா?"

"நான் பேர் சொல்லல. சந்தேகம்னுதான் சொன்னேன்."

எத்தனையோ பேரிடம் எத்தனையோ சாக்குகள் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில், பிரெஸ்ஸை விற்ற கம்பெனியின் சர்வீஸ் ஆபீஸ் பெயர் இருந்தது. மேடம் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "ஆமாங்க, அது நம்முளுதுதானுங்க" என்றார் அந்தப் பக்கத்து இன்ஜினியர், கள்ளமில்லாமல். பிரெஸ் அடிக்கடி நின்றுபோன சமயத்தில், கோயம்புத்தூரிலிருந்தே பார்த்துச் சரிசெய்ய வைத்தார்களாம். பத்மநாபன் சாரிடம் கேட்டுத்தான் வைத்தார்களாம். பாஸ்வேர்ட் எல்லாத் தொழிற்சாலைக்கும் ஒன்றுதானாம். அதைக் கேட்டு மேடம் கண்ணை மூடிக்கொண்டார். பத்மநாபன் சார் திருடர் இல்லை. பிரெஸ் நின்றால் அவரைத்தான் கேட்பார்கள். நெட்வொர்க் பிரிவிடம் கேட்டால் நாங்கள் விடமாட்டோம். அதனால் சொல்லாமல் வைத்தார். அது வெளியே வந்ததும் பயந்துவிட்டார். பயந்தவர் கைக்கு எட்டியவனைப் பிடித்துத் தள்ளிவிட்டார்.

மேடம் அறிக்கையில் பொட்டைப் பற்றியும் எழுதினார். கருவியின் மேல், வருடம் ஒருமுறை நடக்கும் சடங்கின் அடையாளம் குறைந்தது இரண்டு அடுக்காகக் காணப்படுகிறது என்று. அதைப் படித்த வெளிநாட்டுத் தணிக்கைக்காரர்கள், இந்தச் சடங்கு கம்பெனியின் பாதுகாப்பு நடைமுறையில் சேர்ந்ததா என்று விளக்கம் கேட்டு எழுதினார்கள். பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

புகார் நின்றது. மனிதவள அலுவலகத்திலிருந்து இசக்கிமுத்துவுக்குப் போன் செய்து, வேலைக்கு வரலாம் என்றார்கள். அவன் வரவில்லை. மேடம் என்னைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

ஸ்ரீபெரும்புதூரில், ஒரு மெஸ்ஸுக்குப் பின்னால், நாலு பேர் தங்கும் அறை. மற்றவர்கள் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். அவன் பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். முகம் சவரம் செய்யாமல் இருண்டு கிடந்தது. நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டான்.

"ஒரு விஷயம் கேக்கேன் சார். அந்த ஸ்கேன்ல என் பேரு எந்த போர்ட்டுல திறந்து கெடந்துச்சு?"

"ஸ்கேன்ல பேரெல்லாம் வராதுப்பா" என்றேன். "எண்தான் வரும்."

"பொறவு எப்படி சார் வந்துச்சு?"

நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"யாரோ ஊருக்குப் போன் போட்டுட்டாவ சார். ஒம்மவன போலீஸ் தேடுதுன்னு. எங்கம்ம ரெண்டு நாளா சாப்பிடல. நான் களவாணி இல்லன்னு எங்கம்மைக்குத் தெரியும். லைன்ல நிக்கவங்களுக்கு எப்படித் தெரியும்? போன்ல வான்னு சொன்னா, ஆபீசுல பேசி முடிச்சுட்டாவன்னுதான் நெனப்பாவ." கட்டி வைத்த பையை ஓரமாகத் தள்ளினான். "நான் வாரேன் சார். ஆனா அன்னைக்கு எப்படி வெளிய கூட்டிட்டுப் போனாவளோ, அப்படியே உள்ள கூட்டிட்டு வரட்டும். அதே ஷிஃப்டுல, அதே வழியில, அதே ஆளுவ."

மனிதவள அலுவலகத்தில் இதைச் சொன்னபோது குதித்தார்கள். அப்படியெல்லாம் வழக்கம் இல்லை, எழுத்தில் உத்தரவு இல்லாமல் செய்ய முடியாது என்றார்கள். ரெஜினா மேடம் அமைதியாகக் கேட்டார்: "வெளிய கூட்டிட்டுப் போனதுக்கு எழுத்துல உத்தரவு இருக்கா?"

இல்லை.

"அப்ப உள்ள கூட்டிட்டு வரதுக்கும் வேணாம்."

அடுத்த திங்கட்கிழமை நான் கேட்டில் நின்றிருந்தேன். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தன. இசக்கிமுத்து சவரம் செய்து, துவைத்த சீருடை போட்டு வந்தான். செக்யூரிட்டி மூர்த்தியும் இன்னொருவரும் காத்திருந்தார்கள். அன்றைக்கு அவனைப் பிடித்துக்கொண்டு போனவர்கள். மூர்த்தி வல்லத்துக்காரர், பேரப்பிள்ளை எடுத்தவர். அடையாள அட்டையை அவன் கழுத்தில் மாட்டிவிட்டு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்.

"இன்னா தம்பி, கூடவே நடந்து வர்றோம், போதாதா?"

இசக்கிமுத்து தன் முழங்கைக்கு மேலே தொட்டுக் காட்டினான். "அன்னைக்கு இங்க பிடிச்சீங்க. இன்னைக்கும் பிடிங்க."

மூர்த்தி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்தார்கள். கேட்டிலிருந்து கேன்டீன், கேன்டீனிலிருந்து ஸ்டோர், ஸ்டோரைத் தாண்டி பிரெஸ் ஷாப். முடிந்த ஷிஃப்ட் வெளியே வந்துகொண்டிருந்தது, அடுத்த ஷிஃப்ட் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எல்லோரும் நின்று பார்த்தார்கள். மறுபடியும் என்ன செய்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்திருப்பார்கள். பிறகு, ஆளை எந்தப் பக்கமாக நடத்திக்கொண்டு போகிறார்கள் என்பதைக் கவனித்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் அது மெதுவாக விளங்கி வந்தது. மேடம் பின்னால் வந்துகொண்டிருந்தார், தலை குனியவில்லை. கண்ணாடி அறைக்குள் பத்மநாபன் சார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

மூன்றாம் பிரெஸ்ஸுக்கு முன்னால், லைனில் எல்லோரும் கையுறை மாட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இசக்கிமுத்து தன் இடத்துக்கு வந்து நின்றான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவசரப்படவில்லை. கடைசியில் மூர்த்தியின் பக்கம் திரும்பினான்.

"இப்ப விடுங்கண்ணே" என்றான்.